பசுவின் மேல் விழுந்த திருநீறு

மலை அசையாது, மாடு அசையும். அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் மேய்ச்சல் நிலத்திலேயே மாடுகளைப் பென்சிலால் அவசர அவசரமாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு தங்கள் நிலக்காட்சிகளுக்குள் மேயவிட்டார்கள். இதைப் பற்றிக் கட்டுரை எழுத, யாரும் கேட்காமலே நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

சுவிஸின் பேர்ண் நகரில் ஒரு காட்சியகம் அந்தப் பென்சில் ஓவியங்களின் அசல் தாள்களைக் காட்டச் சம்மதித்தது. வெள்ளிக்கிழமை. நானும் மனைவியும் கோயிலிலிருந்து நேரே அங்கே போனோம். கடவுளோடு எனக்குப் பெரிய பேச்சுவார்த்தை இல்லை, மனைவியோடு உண்டு. ஆகவே நெற்றி நிறையத் திருநீறு.

பேனாவை வாங்கி வைத்தார்கள். கையைக் கழுவச் சொன்னார்கள். நெற்றியைப் பற்றி அவர்களிடம் விதி எதுவும் இல்லை.

முதல் தாளில் ஒரு பசு படுத்திருந்தது. காதின் மயிரைக்கூட விடாமல் வரைந்திருந்தார் ஓவியர். இன்னும் கிட்டப் பார்ப்போமே என்று குனிந்தேன். பசுவின் முகத்தில் ஒரு சிட்டிகை திருநீறு உதிர்ந்தது.

தடவினால் பென்சில் கோடு கலைந்துவிடும். ஊதினால் எச்சில் தெறிக்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் தப்பிப் பிழைத்த பசு, என் கலை ஆர்வத்தால் அழியப்போகிறது.

"இஞ்சாருங்கோ, ஊதிப்போடாதேங்கோ," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"அள்ளிப் பூசினது நீர்."

"குனியச் சொன்னதும் நானோ?"

பொறுப்பாளரான பெண் எழுந்து வந்தார். அது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், சாம்பல் என்றேன். அவர் முகம் வெளுத்தது. சிகரெட்டா என்றார். இல்லை, மாட்டுச் சாணத்தை எரித்தது என்று விளக்கினேன். அதனால் நிலைமை சீரடைந்ததாகச் சொல்ல முடியாது.

மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து வந்து, பசுவின் கண்ணோரத்திலிருந்து துகள் துகளாகத் தள்ளினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்; மூச்சும் ஒரு காற்றுத்தானே. பிறகு பூதக்கண்ணாடி. அவர் நிமிர்வதாக இல்லை. நான் மனத்துக்குள் கட்டுரையை விட்டு மன்னிப்புக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தேன்.

பென்சில் கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் கடைசியில். ஆனால் அடுத்த தாள் வேண்டுமென்றால் நெற்றியையும் கழுவ வேண்டும். நான் மனைவியைப் பார்த்தேன்.

"ஓம், கழுவுங்கோ. மாட்டிட்ட இருந்து வந்தது மாட்டிட்டயே போயிட்டுது. பாவமில்லை."

வெறும் நெற்றியோடு திரும்பி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றேன். அடுத்த தாளில் ஒரு ஆடும் குட்டியும்.

"ஐயோ, இந்தக் குட்டியின்ர கண்ணைப் பாருங்கோவன்," என்று மனைவி குனிந்தாள்.

அவள் நெற்றியில் திருநீற்றோடு குங்குமமும் இருந்தது. பொறுப்பாளரும் நானும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.