பாதி வீட்டுக்குப் பட்டா

ஐம்பத்தோரு வயது வரைக்கும் எர்மெலிந்தா குவாய்கின் தான் சிலி நாட்டில்தான் குடியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். 1967 பிப்ரவரியில் இரண்டு நாட்டு அளவைக்காரர்களும் சேர்ந்து குதிரையில் வந்தார்கள். முக்காலி வைத்து மலையைப் பார்த்தார்கள், நோட்டில் எழுதினார்கள், அவள் சுட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றார்கள், வீட்டுக்கு மேற்கே முந்நூறு எட்டு தள்ளி ஓர் இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். கம்பத்துக்கு மேற்கே சிலி. கிழக்கே அர்ஜென்டினா. வீடு கிழக்கே இருந்தது.

அதுவரை ஞீரே பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் ஓடைதான் எல்லை. யார் சொன்னார்கள் என்றால் யாருக்கும் தெரியாது. வசந்தத்தில் பனி உருகி ஓடை பெருகினால் ஆடு அந்தப் பக்கம் போகாது. ஆடு போகாத இடம் அடுத்த நாடு என்று முதலில் வந்தவர்கள் வைத்துக்கொண்டார்கள், பின்னால் வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எர்மெலிந்தாவின் கணவன் எலெயுத்தேரியோவும் அதை நம்பித்தான் ஓடைக்கு மேற்குக் கரையில், தண்ணீருக்குப் பக்கமாக, வீட்டைக் கட்டினான்.

அவர்கள் 1944-இல் சிலியின் சிலோயே தீவிலிருந்து வந்தவர்கள். தீவில் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டம் ஏழு சகோதரர்களுக்குப் பங்கு போனதில், எலெயுத்தேரியோவுக்குக் கிடைத்தது ஒரு மாடு திரும்பி நிற்கிற அளவு. எல்லையில் நிலம் சும்மா கிடக்கிறது, காட்டை அழித்து வேலி போட்டுக் குடியிருந்தால் அரசாங்கம் பட்டா கொடுக்கிறது என்று கப்பலில் வந்த ஒருவன் சொன்னான். இரண்டு குதிரை, ஒரு கோடாலி, கைக்குழந்தை இலாரியோவோடு கிளம்பினார்கள். முதல் இரண்டு குளிர்காலம் மாட்டுத்தோல் போர்த்திய குடிசை. மரத்தை வெட்டிச் சாய்ப்பது, கோடையில் தீ வைப்பது, எரியாத அடிமரங்களை எருது பூட்டிப் பிடுங்குவது. இருபத்து மூன்று வருஷத்தில் நூற்றிருபது ஹெக்டேர் புல்வெளி ஆயிற்று. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய மரம் சாயவேண்டிய பக்கம் சாயாமல் எலெயுத்தேரியோமேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு வெட்டியதெல்லாம் அவளும் கூலியாட்களும்.

அந்தப் புல்வெளி முழுக்க சிலிப் பக்கம்தான் விழுந்திருந்தது. ஆட்டுப்பட்டி, கிழங்குத் தோட்டம், வேலி எல்லாம் அங்கே. வீடு மட்டும் இங்கே. ஆனால் பட்டா மனுவில் முதல் நிபந்தனையே மனுதாரர் அந்த நிலத்திலேயே குடியிருக்கவேண்டும் என்பதுதான். குடியிருப்பு இல்லாத நிலம் காலி நிலம். காலி நிலத்தை வேறு யாருக்கும் கொடுக்கலாம். நில அதிகாரி பல வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்தப் பள்ளத்தாக்குக்கு வருவார். இந்த ஏப்ரலில் வருகிறார் என்று தாக்கல் வந்திருந்தது.

மகன் இலாரியோ அர்ஜென்டினாவில் ஒரு பெரிய பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். செய்தி கேட்டுப் பார்க்க வந்தான்.

"விட்டுத் தள்ளும்மா. இங்கேயே இரு. இந்த ஊர்க் காகிதம் வாங்கிக்கலாம். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"உனக்கு ஒண்ணும் குறையலடா. நீ அடுத்தவன் ஆட்டுக்கு முடி வெட்டுற. நான் என் ஆட்டுக்கு வெட்டுறேன்."

"அதுக்காக? புது வீடு கட்டப் போறியா? மூணு வாரத்துலயா?"

"புது வீடு கட்டினா அந்த ஆளு நம்புவாரா? மரம் வெள்ளையா இருக்கும். இதே வீடுதான் போகணும்."

இலாரியோ குதிரை ஏறிப் போய்விட்டான். அவன் இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். தீவுக்காரர்கள் வீட்டை இடம் மாற்றுவதை அவன் பார்த்ததில்லை. எர்மெலிந்தா சிறுவயதில் நாலைந்து பார்த்திருக்கிறாள். அடியில் இரண்டு முழு மரத்தைச் சறுக்குக்கட்டையாகக் கொடுத்து, ஊரே எருது கொண்டுவந்து பூட்டி இழுக்கும். வீட்டுக்காரர் சோறு போடவேண்டும். அவ்வளவுதான்.

செகுந்தோ யாங்கபானியும் தீவுக்காரர்தான். இலாரியோவுக்கு ஞானஸ்நானத் தகப்பன். அந்த முறையில் அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள், அவர் அவளைக் கொமாத்ரே என்பார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வீடு வந்துடும் கொமாத்ரே. நடுவுல சதுப்பு இருக்கே, அதான் யோசனை."

"சுத்திப் போக வழி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன யோசனை?"

எட்டு ஜோடி எருது வந்தது. எர்மெலிந்தா மூன்று ஆடு அடித்தாள். வடத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அர்ஜென்டினா எல்லைக் காவல் சார்ஜென்ட் பெனாவிதெஸ் வந்து சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு நாள் அவள் வீட்டில் மாத்தே இலைத் தேநீர் குடிக்கிறவர். இன்று குதிரையைவிட்டு இறங்காமலே பேசினார்.

"எர்மெலிந்தாம்மா, இந்த மாடெல்லாம் சிலி மாடு. நோய் இல்லேன்னு சீட்டு இல்லாம அர்ஜென்டினாவுக்குள்ள நிக்குது."

"வந்ததுலேர்ந்து ஒரு வாய் புல்லுகூடத் திங்கல சார்," என்றார் செகுந்தோ. "உங்க ஊர்ச் சொத்து எதுவும் வயித்துல போகல."

"மாட்டை விடுங்க. வீடு? வீடு வெளிநாடு போகுதே! அதுக்கு எங்கிட்ட படிவமே இல்லை." பையிலிருந்து நோட்டை எடுத்தார், பென்சிலை நாக்கில் தொட்டார், எழுதினார். "பழைய மரம். ஒரு சுமை."

"பழைய மரமா?" எர்மெலிந்தாவுக்குச் சுருக்கென்றது. "என் புருஷன் ஒரு குளிர்காலம் பூரா உட்கார்ந்து இழைச்ச பலகை."

"வீடுன்னு எழுதினா தலைமைக்குக் கேட்டு எழுதணும்மா. பதில் வர்றதுக்குள்ள வீடு நிஜமாவே பழைய மரமாயிடும்." பிறகுதான் இறங்கி, ஆட்டுக்கறி இருக்கிற பக்கம் போனார்.

முதல் நாள் வீடு இருநூறு எட்டு நகர்ந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. அன்று சாயங்காலம் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் சதுப்பில் இறங்கிய வீடு பாதி தூரம் போய் முக்கியது, முனகியது, நின்றது. சறுக்குக்கட்டை ஒரு முழம் சேற்றுக்குள். எருதுகள் முட்டி போட்டன. செகுந்தோ இந்தக் கம்பத்துக்கும் மலையடியில் நட்டிருந்த அடுத்த கம்பத்துக்கும் நேர்கோடு பிடித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"முன் ரூம் சிலியில இருக்கு. சமையக்கட்டு அர்ஜென்டினாவுல."

"கட்டில்?"

"கட்டில் சிலியில. அடுப்பு அர்ஜென்டினா."

எருதுகளுக்கு ஒரு வாரம் ஓய்வு, சேறு கொஞ்சம் இறுகட்டும் என்று எல்லாரும் போனார்கள். எர்மெலிந்தா அந்தச் சாய்ந்த வீட்டிலேயே இருந்தாள். பின்பக்கம் சமைத்து முன்பக்கம் தூங்கினாள். அதிகாரி வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று கணக்கு.

நாலாம் நாள் காலையில் செகுந்தோ குதிரையை நுரை தள்ள விரட்டிக்கொண்டு வந்தார்.

"கொமாத்ரே! அந்த ஆளு வந்துட்டாரு! பக்கத்துப் பண்ணை மான்சில்லா வீட்டுல ராத்தங்கல். மத்தியானம் இங்க இருப்பாரு."

அவள் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். "எருது?"

"எங்க எருது! எல்லாம் மலைமேல மேயுது. கூட்டி வரவே நாளைக்காகும்."

"அப்போ அடுப்பைத் தூக்கி முன் ரூமுல வெச்சுடலாம்."

செகுந்தோ அந்த வார்ப்பிரும்பு அடுப்பைப் பார்த்தார். அதைக் கொண்டுவந்தபோது நாலு பேர் தூக்கினார்கள், அதில் ஒருவனுக்குக் கால்விரல் போயிற்று. "நீங்களும் நானுமா? அதோட குழாயை எங்க விடுறது? முன் ரூமுல கூரையில ஓட்டை இல்லையே."

அதிகாரி என்ன பார்ப்பார் என்று அந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும். வீட்டைப் பார்க்கமாட்டார். பட்டாவுக்காக ஒரு கூரையைப் போட்டுவிட்டு நகரத்தில் இருக்கிறவர்கள் உண்டு. அவர் தீயைப் பார்ப்பார். தீ எங்கே எரிகிறதோ அங்கே ஆள் குடியிருக்கிறது. சாம்பலைக் கிளறிக்கூடப் பார்ப்பாராம்.

எர்மெலிந்தா முன் அறைக்குப் போனாள். நடுவில் நின்று தரையைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்க் கோடாலியோடு வந்தாள்.

"கொமாத்ரே, என்ன பண்றீங்க?"

"எங்கம்மா வீட்டுல இரும்பு அடுப்பு எங்க இருந்துச்சு? நடு வீட்டுல தரையில தீ. உங்க வீட்டுலயும் அப்படித்தானே?"

"அது மண் தரை. இது எலெயுத்தேரியோ இழைச்ச—"

"தெரியும். நான்தான் விளக்கு பிடிச்சேன்."

முதல் வெட்டு அவளே போட்டாள். பலகை நன்றாக இறுகியிருந்தது, எளிதில் பெயரவில்லை. நாலு பலகை பிளந்து எடுத்ததும் அடியில் சேற்றுத் தண்ணீர் பளபளத்தது. தரைமட்டத்துக்குக் கல் போட்டு நிரப்பவேண்டும், அதன்மேல் மண், அதன்மேல் தீ. செகுந்தோ வெளியே ஓடி ஓடைப் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல, கொம்பாத்ரே! தோட்டத்துலேர்ந்து எடுங்க. கல்லாவது சிலிக் கல்லா இருக்கட்டும்."

இரண்டு பேரும் மூன்று மணி நேரம் கல் சுமந்தார்கள். எர்மெலிந்தாவின் கை நகம் இரண்டு போயிற்று. சமையற்கட்டு அடுப்பிலிருந்து கடைசியாக ஒரு தணலை மண்வெட்டியில் அள்ளி எல்லை தாண்டிக் கொண்டுவந்து வைத்தாள். மிச்சத் தணலில் தண்ணீர் ஊற்றினாள். விறகு இரண்டு நாள் மழையில் ஊறியது. தீ பிடித்தது, ஆனால் புகைதான் முதலில் வந்தது. போக வழியில்லாமல் அறை முழுக்கச் சுற்றி, கூரையின் மரச்சில்லுகளுக்கு நடுவில் கிடைத்த இடுக்கிலெல்லாம் வெளியேறியது. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு முழுக்க வேகவைத்த கிழங்குபோல ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி வெனேகாஸ் மெலிந்த மனிதர், காலில் புது ரப்பர் பூட்ஸ். வாசலில் நின்று இருமினார். உள்ளே வந்து இருமினார். கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது.

"உட்காருங்க ஐயா, கீழ உட்கார்ந்தா புகை தெரியாது," என்று எர்மெலிந்தா ஆட்டுத்தோலை விரித்தாள். மாத்தே கொடுத்தாள். அவர் உறிஞ்சிக்கொண்டே கதவு வழியாகச் சமையற்கட்டைப் பார்த்தார்.

"அங்க ஒரு அடுப்பு இருக்கே?"

"இருக்கு. அது அர்ஜென்டினாவுல இருக்கு. போய்க் கைவெச்சுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்."

அவர் நிஜமாகவே எழுந்து போய்க் கைவைத்துப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்த இடத்துல எப்போலேர்ந்து சமைக்கிறீங்க?"

"அதெல்லாம் ரொம்ப வரு—" என்று ஆரம்பித்தார் செகுந்தோ.

"இன்னிக்குக் காலையிலேர்ந்து," என்றாள் எர்மெலிந்தா.

செகுந்தோ மாத்தேக் குடுவைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். தீ படபடத்தது.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஓடைக்கரையில. இருபத்து மூணு வருஷம். அது அர்ஜென்டினான்னு எனக்கு யாரும் சொல்லல. உங்களுக்கும் யாரும் சொல்லலியே ஐயா. அஞ்சு வருஷம் முன்னால நீங்களே வந்து அந்த வீட்டுல கறி சாப்பிட்டுப் போனீங்க. கம்பத்தை நான் நடல."

வெனேகாஸ் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். புகைக்கா சிரிப்புக்கா என்று செகுந்தோவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"பாதி வீட்டை நான் எப்படிம்மா எழுதறது?"

"இருக்கிறதை எழுதுங்க. ஒரு தீ. ஒரு கட்டில். ஒரு பொம்பளை. மூணும் சிலியில இருக்கு. மீதி பாதியில யாரும் குடியில்ல."

அவர் தரையில் பிளந்து கிடந்த பலகையை எடுத்து விரலால் தடவினார். இழைப்பின் மழுமழுப்பு அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். வாசல் வெளிச்சத்துக்குப் போய், படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். எர்மெலிந்தா பக்கத்திலேயே நின்றாள். வாசிக்கத் தெரியாதென்பதால் பேனா நிற்கிறதா ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தாள். ஓடியது.

"நவம்பர்ல மறுபடி இந்தப் பக்கம் வர்றேன்," என்றார் குதிரையில் ஏறும்போது. "அப்போ இந்த வீடு இங்கேயே நின்னுச்சுன்னா, காகிதத்தைக் கிழிச்சுடுவேன். மழையையும் சேத்தையும் எங்கிட்ட சொல்லப்படாது."

சேறு இறுகவேயில்லை. குளிர்காலம் தொடங்கிய ஜூனில் சதுப்பு அப்படியே கல்லாக உறைந்தது. எட்டு ஜோடி முக்கியும் நகராத வீட்டை நாலு ஜோடி எருது ஒரு காலை வேளையில் வழுக்கிக் கொண்டுபோய் மேட்டில் வைத்தன. இலாரியோ வந்து தரைக்குப் புதுப் பலகை போட்டுத் தந்தான். நவம்பரில் வெனேகாஸ் வரவில்லை. வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எர்மெலிந்தா அந்த மாதம் முழுக்க வாசலில் நின்று வழி பார்த்ததை செகுந்தோ பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பட்டா 1970-இல் வந்தது. எர்மெலிந்தா இரண்டு நாள் குதிரையில் போய் அலுவலகத்தில் வாங்கினாள். அங்கிருந்த குமாஸ்தா அவளுக்காக அதை உரக்கப் படித்தான். நூற்றிருபது ஹெக்டேர், நாலு பக்க வேலி, ஒரே அறை உள்ள வீடு ஒன்று, நடுவில் தீயோடு.

"தம்பி, நில்லு. வீட்டுல ரெண்டு ரூம் இருக்கு."

"இதுல ஒண்ணுதான்மா இருக்கு."

"சமையக்கட்டு?"

"அது காகிதத்துல ஏறல. திருத்தணும்னா மனு கொடுங்க. அதிகாரி நேர்ல வந்து பார்த்துட்டு எழுதுவாரு."

எர்மெலிந்தா பட்டாவை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துப் பொத்தான் போட்டாள்.

"ஒண்ணே இருக்கட்டும்பா. அவர் வர்றதுக்குள்ள அந்தக் கம்பத்தைத் தூக்கி எங்க நடுவாங்களோ."