போன வண்டி திரும்ப வேண்டாமா?

ராணுவ வண்டிகளைச் சோதிக்கும் பட்டறையில் அந்த சீனியர் இன்ஜினியருக்கு ‘விசிறியார்’ என்று பெயர். எந்த இன்ஜின் சூடானாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இருப்பதைவிடப் பெரிய விசிறி. கடைசியாக மாட்டியது சுழன்றால் எதிர்க் கொட்டகையில் காயும் சட்டைகளெல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடிக்கும். அதைச் சுற்றவே இன்ஜினின் பலத்தில் பாதி போய்விடும். மிச்சத்தில் வண்டி முனகிக்கொண்டு நகரும்.

சூடு மட்டும் குறையவில்லை. பின்பக்கமிருந்து காற்றடித்தால், வெளியே தள்ளிய அனலெல்லாம் வண்டியின் முதுகு வழியாகத் திரும்பி வந்து, காற்று இழுக்கும் வாய்க்குள்ளேயே புகுந்தது.

“நடுவுல ஒரு தகடு வெச்சு மறைச்சா போதும் சார்” என்றாள் அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண் இன்ஜினியர்.

“நாம என்ன தகரக் கடையாம்மா நடத்தறோம்?”

அவர் கண்டுபிடித்த வழியே வேறு. எதிர்காற்றில் மட்டும் வண்டியை ஓட்டுவது. மைதானக் கோடியில் இன்ஜினை அணைத்துவிட்டு, கயிறு கட்டி இழுத்து வருவது. வெப்பமானியின் முள் பச்சையைத் தாண்டவே தாண்டாது. “இன்ஜினுக்கும் ஓய்வு வேணும்ல?” என்பார், ஏதோ பத்து மாதம் சுமந்து பெற்றவர் போல. ஓட்டுநர் அவர் மனைவியின் தம்பி. கேள்வி கேட்கத் தெரியாதவன் என்பதே அவனிடம் அவர் கண்ட தகுதி.

தலைமை இன்ஜினியர் நாற்காலி காலியாக இருந்தது. தளபதி முன்னால் வண்டி ஒழுங்காக ஓடினால் அது விசிறியாருக்கு. நாற்காலிக்கு உறை தைக்க மனைவியிடம் அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது.

தளபதி வந்த அன்று, விசிறியார் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துக் காற்றைப் பார்த்தார். “இங்க வெயில் மூஞ்சில அடிக்கும்” என்று மேடையையே மைதானத்தின் மறுமுனைக்கு மாற்றினார். வண்டி மேடையடியிலிருந்து கிளம்பி எதிர்காற்றில் ஜம்மென்று போய்க் கோடியில் நின்றது. கைதட்டல். விசிறியார் மனசுக்குள் அந்த நாற்காலியில் சாய்ந்து காலாட்டவே ஆரம்பித்துவிட்டார்.

“நல்லா போச்சு. திரும்பி வரச் சொல்லுங்க” என்றார் தளபதி.

“திரும்பியா சார்?”

“பின்ன? சண்டைக்குப் போன வண்டி அங்கேயே குடித்தனம் பண்ணுமா?”

வண்டி திரும்பியது. பாதி வழியில் முக்கியது, நீராவியைக் கக்கியது, படுத்துவிட்டது. வெந்த முகத்தோடு வெளியே வந்த மைத்துனன் மேடையைப் பார்த்துக் கத்தினான்:

“அத்தான்! இன்னிக்குக் கயிறு கொண்டு வரலையா?”

“எதுக்குய்யா கயிறு?” என்றார் தளபதி. பையன் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

நாற்காலி, தகடு கேட்டவளுக்குப் போனது. விசிறியாருக்குக் கயிறு கட்டி இழுக்கும் வண்டியின் பொறுப்பு. தைத்த உறையை வீணாக்குவானேன் என்று அதன் இருக்கைக்கு மாட்டிப் பார்த்தார். அளவு சேரவில்லை.