புகை போய்ச் சேர்ந்த இடம்

தெருவில் எல்லோரும் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைக்கடைக்காரிக்குப் பொருத்தமான பேர்தான். ஆனால் முதலில் வைத்தவர்கள் அதைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் மொட்டைமாடியில் காயப்போட்ட விரிப்புகள் ஒருநாளும் பளிச்சென்று கீழே இறங்கியதில்லை. கடைக்குப் பின்னால் பழைய இரும்பை உருக்கும் ஃபேக்டரி ஒன்று இருந்தது. அதன் சிமினி கக்கிய புகை முதலில் அவள் மாடியில் இறங்கிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். துவைத்த வெள்ளையில் பொடிப்பொடியாய்க் கறுப்பு. கையால் தட்டினால் போகாது, தேய்த்தால் கோடு விழும். திரும்ப ஊறவைத்து, திரும்பத் துவைத்து, அவள் பிழைப்பே இரட்டை வேலையாகப் போனது. அவளிடம் விரிப்புகளை வெளுக்கப்போடும் லாட்ஜ்காரர் ஒருமுறை ஒரு விரிப்பைக் கல்லாமேல் விரித்துக் காட்டி, "இதைத் துவைச்சு அனுப்பினியா, தரையைத் துடைச்சு அனுப்பினியா?" என்று கேட்டார். அவள் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

வந்தவள் கடைக்குப் போகவில்லை. நேராக ஃபேக்டரி வாசலுக்குப் போய், காவலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதில்மேல் அந்த விரிப்பை உலர்த்தினாள். மறுநாள் இன்னொன்று. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி தன் புடவையைக் கொண்டுவந்து போட்டாள். பிறகு தெருவே அழுக்குத் துணியோடு வந்தது. மதில் முழுக்கத் தொங்கிய துணிகளைப் பார்த்து, போகிற வருகிற பஸ்ஸெல்லாம் வேகம் குறைத்தன. தெருச் சங்கம் உருவானது. மருந்துக்கடைக்காரர் தலைவரானார். வழக்கு, விசாரணை, வாய்தா என்று வருஷக்கணக்காக இழுத்தடித்து, ஒருவழியாக ஃபேக்டரி வழிக்கு வந்தது. சிமினிக்கு முன்னால் ஆள் உயரத்துக்கும் மேலான துணிப்பைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, புகையை அதற்குள் செலுத்தினார்கள். தூசியெல்லாம் பையில் நின்றுவிடும், வெறும் காற்றுதான் மேலே போகும்.

சொன்னபடியே நடந்தது. பளிச்சக்காவின் மாடியில் வெள்ளை வெள்ளையாகவே காய்ந்தது. அவள் புருஷனுக்கு இருமல் அடங்கியது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போகிற அளவுக்கு அமைதியான மனுஷன் அவன். இருமல் இல்லாததால் இப்போது இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். பேப்பரில் அவள் படம் வந்தது. கேலிப்பேர் மரியாதைப் பேராக மாறியது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு அவள் நாத்தனார் வந்து நிற்கிற வரைக்கும்தான்.

நாத்தனார், புருஷனின் தங்கை, ஊருக்கு மறுபக்கம், ரயில்பாதைக்கு அப்பால் பழைய கல்குவாரியை ஒட்டிய குடியிருப்பில் இருந்தாள். செடிகளைப் பதியம்போட்டு விற்கிற சின்ன நர்சரி அவளுடையது. அண்ணிக்கும் அவளுக்கும் கல்யாணத்தன்றே முட்டிக்கொண்டது. பார்த்தால் முகம் கோணாமல் பேசுவார்கள், பார்க்காமலிருக்க ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் கூப்பிடாமல் கடைக்குள் வந்து, இஸ்திரி மேஜையில் ஒரு தட்டு நாற்றைக் கொண்டுவந்து வைத்தாள். இலையெல்லாம் சுருண்டு, பழுப்பு மாவு தூவியதுபோல இருந்தது.

"அண்ணி, உங்க தெருவை விட்டுப் போன விருந்தாளி எங்க வீட்டுல வந்து உக்காந்துட்டாரு. எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?"

பளிச்சக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் நாத்தனார்மேல். படம் பேப்பரில் வந்ததைப் பொறுக்காமல் வந்து குத்துகிறாள் என்றுதான் நினைத்தாள். நாத்தனார் வாதாடவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுப் பேசச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். எப்போதும் கடைசி வார்த்தையைத் தனக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறவள் அப்படிப் போனதுதான் பளிச்சக்காவை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

குவாரிப் பள்ளத்தில் பாதிவரைக்கும் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்தது. மண்ணென்றால் அப்படி இருக்காது. கோதுமை மாவுபோல மெத்தென்று, காற்று தொட்டாலே எழும்புகிற தூள். அவர்கள் நிற்கும்போதே ஒரு லாரி வந்தது. தார்ப்பாய் கிழிந்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டே வந்து, பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டியது. எழும்பிய தூசியில் லாரியே கொஞ்சநேரம் காணாமல் போனது. அது அடங்கியபோது நாத்தனாரின் நர்சரி, அதற்கடுத்த கொத்தனார் வீடு, அந்த வீட்டு வாசலில் காய்ந்த குழந்தைத் துணி என்று எல்லாமே ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. கொத்தனார் மனைவி வெளியே வந்து குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பழகிப்போய்விட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் கலங்கி, வாயில் வைத்தால் காசை நக்கியதுபோல இருக்கிறதென்று குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

"நீ ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள் பளிச்சக்கா.

"அங்க எல்லாரும் இனிப்பு குடுத்துக்கிட்டு இருந்தீங்களே அண்ணி. நடுவுல வந்து எப்படிச் சொல்றது?"

பஸ்ஸில் திரும்பினார்கள். தன் மாடி வெளுத்ததற்கு விலையாக அந்தக் குழந்தையின் முகம் பழுப்பேறியது என்பதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் நெஞ்சு ஆறவில்லை.

மறுநாள் ஃபேக்டரி இன்ஜினியரைப் பார்க்கப் போனாள். வழக்குக் காலத்தில் முகம் கொடுக்காதவர், இப்போது நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்தார். தூசி பற்றிக் கேட்டதும் அவர் மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. பையில் சேர்கிற தூசியை அள்ளிக்கொண்டுபோகக் காண்ட்ராக்டரிடம் விட்டிருப்பதாகவும், அதற்கென்று இருக்கிற பாதுகாப்பான இடம் வெகுதூரம் என்பதால் அவர் குவாரியில் கொட்டுகிறார் போலிருக்கிறதென்றும், விசாரிப்பதாகவும் சொன்னார்.

"நீங்க கேட்டது புகை நிக்கணும்னுதானேம்மா? நின்னுடுச்சு. பிடிச்ச தூசி எங்கயாவது போய்த்தானே ஆகணும்? அந்தப் பக்கம் ஆளுங்களும் கம்மி."

"கம்மின்னா யார் சார்? என் நாத்தனார் கம்மியா, பக்கத்து வீட்டுக் குழந்தை கம்மியா?"

அவர் டீக்கோப்பையை நகர்த்தி வைத்தார். குரலை உயர்த்தாமலேயே, பையைக் கழற்றிவிட்டால் தூசி சேராது, லாரியும் வராது, ஆனால் புகை வரும் என்றார். எது வேண்டுமென்று தெருவில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். இவள் வீட்டு மாடியைப் பணயம் வைத்து இவள் வாயை அடைக்கிறார் என்பது புரியாமல் இல்லை. ஊதியது இவர்கள், பிடித்தது இவர்கள், கொட்டியது இவர்கள். பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் சலவைக்கடைக்காரி. டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டச் சொன்னாள். மருந்துக்கடையின் பின்கட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கூடினார்கள். அவள் பார்த்ததை எல்லாம் சொன்னாள். பாதியிலேயே முகங்கள் மாறிவிட்டன. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஜெயித்த வழக்கைக் கிளறினால் கையில் இருப்பதும் போய்விடும் என்றார். குவாரிப் பக்கத்து ஜனங்கள் நம் போராட்டத்துக்கு வந்தார்களா என்று இன்னொருவர் கேட்டார். அவளோடு முதன்முதலாக மதிலில் புடவை காயப்போட்ட பக்கத்து வீட்டுக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் நாத்தனார்ங்கறதாலதானே உனக்கு இவ்வளவு துடிக்குது?"

"ஆமா, நாத்தனார்ங்கறதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இல்லாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது, உங்களை மாதிரி நானும் நிம்மதியா இருந்திருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புகையின்போது தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான் அத்தனை பேரும். வீட்டுக்கு வந்து இரும்பு வாளியை எட்டி உதைத்தாள். அவள் புருஷன், அபூர்வமாக வாய் திறந்து, வாளி என்ன செய்தது என்று கேட்டான். பிறகு அவனே, தங்கச்சி வீட்டுக்குப் போவதாக இருந்தால் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

அவள் போனாள். அண்ணியும் நாத்தனாரும் குவாரிச் சாலையின் குறுக்கே நர்சரியின் மண்சட்டிகளை வரிசையாக அடுக்கி, அதற்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கொத்தனார் குடும்பம் வந்தது, ரயில்வே கேட் காவலர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள், பிறகு குடியிருப்பே வந்தது. முதல் லாரிக்காரர் கொஞ்சநேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். யாரும் அசையாததால் இறங்கி, லாரிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவரை எழுப்பிச் சாப்பாடு கொடுத்தது நாத்தனார்தான். இங்கே கொட்ட முடியாததால் ஃபேக்டரிக்குள் தூசி மலையாகச் சேர்ந்து, அதை வைக்க இடமில்லாமல் அவர்கள் திணற ஆரம்பித்தார்கள். கடைசியில் காண்ட்ராக்டரே வந்தார்.

வாயெல்லாம் பல்லாக வந்தார். இனி ஒரு லாரிகூட இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது, வேறு இடம் பார்த்தாகிவிட்டது என்றார். கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். சிலர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார்கள். நாத்தனாரும் மண்சட்டியை எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கிவிட்டாள்.

பளிச்சக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. வேறு இடம் என்றால் எது என்று கேட்டாள். கீழே, ஆற்றோரத்துப் பள்ளம் என்றார் அவர். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"யாருமில்லக்கா. நாலஞ்சு குடிசை."

நாத்தனாரின் கையில் சட்டி அப்படியே நின்றது. அண்ணியைப் பார்த்தாள். தன் தெருக்காரர்கள் மருந்துக்கடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கோலத்தைப் பளிச்சக்கா இவளிடம் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டு அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியவள் இவள்தான். சட்டியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அந்த நாலஞ்சு குடிசையில ஒருத்திக்கு இந்த ஊருல அண்ணி இருக்காளா? இல்லன்னா யார் வந்து சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

எல்லோரும் உட்காரவில்லை. தங்களுக்கு வந்த வினை போனது போதும் என்று பாதிப்பேர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பளிச்சக்கா திட்டவில்லை; திட்டுகிற அளவுக்குத் தெம்பும் இல்லை. மீதிப்பேரை வைத்துக்கொண்டே சாலையை மறித்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: தூசியை இன்னொரு வாசலில் கொட்டக்கூடாது. உன் மதிலுக்குள் தரைபோட்டு, கூரைபோட்டு, மூடி வை. பிறகு அதற்கென்று இருக்கிற இடத்துக்கு, மூடிய டிரம்மில் அனுப்பு, எவ்வளவு தூரமானாலும். சுற்றுச்சூழல் அதிகாரி வந்தார், போனார், மறுபடி வந்தார். ஃபேக்டரிக்குள் இடமில்லாமல் உலையையே நிறுத்த வேண்டி வந்தபிறகுதான் இன்ஜினியர் சம்மதித்தார். சிமெண்டுத் தரையும் இரும்புக் கதவும் வைத்த கிடங்கு ஒன்று ஃபேக்டரிக்குப் பின்புறம் எழும்பியது.

பின்புறம் என்றால் பளிச்சக்கா தெருவின் பக்கம். தெருக்காரர்கள் அவளை அதற்காக மன்னிக்கவில்லை. தொலைந்ததைத் தேடித் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள் என்று பேசினார்கள். மருந்துக்கடைக்காரர் தன் வெள்ளைக் கோட்டுகளை வேறு கடைக்கு அனுப்பத் தொடங்கினார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி அவளை மறித்து, போன தூசியை ஏன் நம் பக்கமே திரும்பக் கொண்டுவந்தாய் என்று நேராகவே கேட்டாள். அதற்கு அவள் சொன்ன பதில் தெருவில் கொஞ்சநாள் சுற்றியது.

"நம்ம கண்ணு முன்னாடி இருந்தா பூட்டி வைப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத இடம்னா கொட்டிட்டுப் போயிடுவாங்க. பூட்டு சரியா இருக்கான்னு நான் தினமும் பார்க்கறேன். நீயும் வந்து பாரு."

வந்து பார்த்தாள், கொஞ்சம் தயங்கிவிட்டு. இப்போது இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள்.

ஃபேக்டரிக்குக் காற்றைச் சுத்தமாக வைத்திருப்பதற்கான பரிசு கிடைத்தது. மேடையில் இன்ஜினியர் வாங்கிக்கொண்டார். குவாரியைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தூள் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மேலே ஓரடுக்கு மண்ணைத் தூவி, புல் முளைக்கவிட்டு, பசுமைப் பகுதி என்று ஒரு பலகை நட்டுவிட்டார்கள். கிணறு கிணறாகவே இல்லை. நாத்தனார் செடிகளுக்குக்கூட லாரித் தண்ணீர் வாங்குகிறாள். அந்தக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஈயத்தை யார் கொடுத்தது என்று அவர்கள் சொல்லவில்லை.

போன மாதம் அதிகாரி குவாரியைப் பார்க்க வந்தார். புல்லைக் காட்டி, இயற்கையே சரிசெய்துகொள்கிறதே என்றார். நாத்தனார் மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டினாள். மண் விலகி, பழுப்புத் தூள் அவர் பூட்ஸ்மேல் சரிந்தது. அவர் குனிந்து கைக்குட்டையால் துடைக்கப் போனார். பளிச்சக்கா அவரைத் தடுத்தாள்.

"துடைக்காதீங்க சார். அப்படியே உங்க வீட்டுக்குப் போங்க. உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க."

அவர் துடைத்துக்கொண்டுதான் போனார். குவியலை அள்ளச் சொல்லி உத்தரவு போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உத்தரவு இதுவரை வரவில்லை. வருகிற திங்கட்கிழமை அண்ணியும் நாத்தனாரும் அவர் ஆபீசுக்குப் போகிறார்கள். ஒரு பை நிறைய அந்தத் தூளைக் கட்டி எடுத்துவைத்திருக்கிறாள் நாத்தனார், அவர் மேஜைமேல் கொட்டுவதற்கு. அது வேண்டாம், அந்த ஆபீசில் கூட்டிப் பெருக்குகிறவளுக்குத்தான் அந்த வேலை போய்ச் சேரும் என்று பளிச்சக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் அதில் இன்னும் சண்டை ஓயவில்லை.