ஒத்தக் கைக்கு வாங்குன சட்டியும் கரண்டியும்

எங்க மலேசியாவுல, நெகிரி செம்பிலான்ல எந்தத் தோட்டத்துல வேணாலும் போய்க் கேளுங்க, சமையல் சாமான் பாத்து வாங்குறதுல என்னைய அடிச்சுக்க ஆளே கிடையாது. அண்டாவுலேர்ந்து டீ வடிகட்டி வரைக்கும் கையில தூக்கிப் பாத்தே நல்லது கெட்டது சொல்லிருவேன்.

பொய். எங்க தோட்டத்துலயே கேட்டீங்கன்னா சிரிப்பாங்க. எம் பொண்டாட்டி விழுந்த அன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டு உப்பு டின்னு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் குசினிக்குள்ள போனது ரெண்டே காரியத்துக்கு. ஒண்ணு திங்க, இன்னொண்ணு திட்டு வாங்க.

நான் படிக்காத ஆளு. பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வாத்தியாரும் அங்கயே இருந்தாரு, அதனால திரும்பி வந்துட்டேன். எழுத வராதுன்னு எம் மக போன்ல ஒரு பட்டனக் காமிச்சு விட்டிருக்கா. அதப் பாத்துப் பேசுனா அதுவே எழுதிக்குமாம். வாசப்படியில உக்காந்து பேசிக்கிட்டிருக்கேன். போற வர்றவன்லாம் எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனைக்கிறான். நெனச்சிட்டுப் போகட்டும்.

எம் பொண்டாட்டி விழுந்தது குசினியிலதான். நான் வெளிய மோட்டார் சைக்கிளக் கழுவிக்கிட்டிருந்தேன். சட்டி கீழ விழுந்த சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுல சட்டி விழுந்தா அடுத்து அவ திட்டுற சத்தமும் கேக்கணும். கேக்கல. அதான் ஓடுனேன்.

செரம்பான் பெரியாஸ்பத்திரியில ஸ்ட்ரோக்குன்னாங்க. உசுரு பொழச்சிக்கிச்சு. வாய் கோணியிருந்தது கொஞ்ச கொஞ்சமா நேராச்சு, பேச்சும் திரும்பி வந்துச்சு, என்னையத் திட்டுறதுக்குப் போதுமான அளவுக்கு. வலது கால இழுத்து இழுத்து நடந்துருவா. வலது கைதான் வரவேயில்ல. மடியில தூக்கி வச்சா மடியில கெடக்கும். மேசையில வச்சா மேசையில கெடக்கும். யாரோ மறந்து வச்சிட்டுப் போன சாமான் மாதிரி.

பேச்சு வந்ததும் அவ ஒழுங்கா கேட்ட மொதக் கேள்வி, "படையலுக்கு இன்னும் எத்தன மாசம் இருக்கு?"

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். கெமாஸ்ல ரயில் பாதை வேலை. லீவு கெடச்சு மோட்டார்ல வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தவன லாரி அடிச்சிருச்சு. இதுல நான் ஜோக்கு சொல்ல மாட்டேன்.

வருஷா வருஷம் அவன் போன நாள்ல, அவனுக்குப் புடிச்சத ஆக்கி, எலை போட்டு, படத்துக்கு முன்னால வச்சுக் கும்புடுவோம். கோழி பெரட்டல், பருப்பு, அப்புறம் டின் சார்டின் மீன்ல காரமா செய்யிற சம்பல். அந்த சம்பல் இல்லைன்னா அவன் சோத்துல கை வைக்க மாட்டான். படையல் சமையல்ல வேற யாரு கை படவும் அவ விட்டதே இல்ல. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அவளுக்கு அந்த ஒரே கவலதான். எந்திரிச்சு நடப்போமாங்கிறது இல்ல. எம் புள்ளைக்கு நான் ஆக்கிப் போட முடியுமா, முடியாதா.

சரி, சாமான் நல்லா இருந்தா ஒத்தக் கையால சமைச்சிரலாம்னு நான் கணக்குப் போட்டேன். எம் மண்டைக்கு அவ்வளவுதான் எட்டும்.

மொதல்ல கோலா கிளாவாங் பாசார் மாலாமுக்கு, ராத்திரிச் சந்தைக்குப் போனேன். அங்க ஒரு சீனன் காய் நறுக்குற மிஷின் வித்துக்கிட்டிருந்தான். டப்பாவுக்குள்ள வெங்காயத்தப் போட்டு மூடி, கயித்தப் புடிச்சு நாலு இழுப்பு இழுத்தான், வெங்காயம் தூள் தூளாப் போச்சு. அசந்து போய் வாங்கியாந்து அவ முன்னால வச்சேன். அவ இடது கையால கயித்த இழுத்தா. டப்பா கயித்தோட சேந்து அவ மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. அந்தச் சீனன் ஒரு கையால டப்பாவ அமுக்கிப் புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால இழுத்திருக்கான். அவனுக்கு ரெண்டு கை இருந்தத நான் கவனிக்கல.

அதுக்கப்புறந்தான் எனக்குக் கண்ணு தொறந்துச்சு. குசினியில இருக்கிற எல்லாமே ரெண்டு கைக்குச் செஞ்சது. டின்ன ஒரு கை புடிக்கணும், ஒரு கை தொறக்கணும். சட்டிய ஒரு கை புடிக்கணும், ஒரு கை கிண்டணும். உருளைக்கிழங்கு தோலு சீவுறதக் கூட ஒத்தக் கையால செஞ்சு பாருங்க, கெழங்கு வீட்ட விட்டே ஓடிரும்.

அதனால டவுன்ல இருக்கிற பாய் சட்டி பானைக் கடைக்குப் போனப்ப, வலது கைய சிலுவார் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டுத்தான் உள்ள நொழஞ்சேன். எத எடுத்தாலும் இடது கையாலதான் எடுத்துப் பாக்குறது, தொறந்து பாக்குறது, கவுத்துப் பாக்குறது. பாய் கொஞ்ச நேரம் பாத்தாரு.

"என்ன அண்ணே, பாக்கெட்டுல இருந்து கைய எடுக்கவே மாட்டேங்கிறீங்க. உள்ள என்ன, என் கடை கரண்டியா?"

"களவாடுறதா இருந்தா ரெண்டு கையாலயும்ல களவாடுவேன் பாய். ஒத்தக் கைக்கு சாமான் வாங்க வந்திருக்கேன்."

விஷயத்தச் சொன்னேன். அவரு சிரிப்ப நிறுத்திட்டாரு. அவரும் வலது கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. கடை நடுவுல ரெண்டு கெழவனுங்க ஒத்தக் கையோட சட்டிங்களோட மல்லுக்கட்டுறோம். சாமான் வாங்க வந்த ஒரு மலாய்க்கார அம்மா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குது.

அன்னிக்குக் கத்துக்கிட்டத சொல்றேன். ரெண்டு பக்கம் காது வச்ச சட்டி ஒத்தக் கைக்கு ஆகவே ஆகாது. நீட்டுப் புடி வச்சது நல்லதுன்னு எடுத்தா, சட்டி லேசா இருந்தா புடி கனத்துக்கே சாஞ்சிருது. அடி கனமா எடுத்தா ஒத்தக் கையால தூக்க முடியல. அடியும் கனமா இருக்கணும், தூக்கவும் லேசா இருக்கணும்னா அப்படிச் சட்டியும் கெடையாது, மனுசனும் கெடையாது. கடைசியில பாய்தான் சொன்னாரு, "ஏன் அண்ணே தூக்கணும்? அடுப்பு மேலயே கெடக்கட்டும். மோந்து மோந்து எடுத்துக்கட்டும்." அதோட அடி கனமான சட்டியே எடுத்தேன்.

பட்டன அமுக்குனா தானா தொறக்கிற சோத்துப் பானை. அமுக்குனா எண்ணெ ஊத்துற போத்தல். பயித்தங்காய வெட்ட கத்தி வேணாம், கத்திரிக்கோலே போதும். காய் நறுக்குற பலகைக்கு மட்டும் நான் வீட்டுல வேலை செஞ்சேன். துருப் புடிக்காத ஆணி ரெண்டு, கீழேர்ந்து மேல முனை தெரியிற மாதிரி அடிச்சேன். வெங்காயத்த அந்த முனையில குத்தி வச்சிட்டா அது எங்கயும் ஓடாது. பலகைக்கு அடியில ஈரத்துணி, பலகையும் ஓடாது. அதப் பாத்துட்டு, "அப்பா, ஒனக்கு மூளை இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு"ன்னு எம் மக சொன்னா. அவ கல்யாணம் ஆகி லோபாக்ல இருக்கா, ஞாயித்துக்கெழம வந்து அம்மாவக் குளிப்பாட்டி விட்டுட்டுப் போவா.

எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சேன். எம் பொண்டாட்டி ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்தா. கொஞ்ச நாள்ல ரசம் வச்சா, முட்டை பொரிச்சா. ஊத்துனதுல பாதி கீழ, உப்புல பாதி அடுப்புல, ஆனா ஆக்குனா. நான் கெலிச்சிட்டேன்னு தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

படையல் நாளு நெருங்குனப்பதான் அவ வாயத் தொறந்தா.

"எல்லாம் பீச்சாங்கைக்கு வாங்கியாந்திருக்கீங்க."

"ஆமா. அந்தக் கைதான வேல செய்யிது."

"உங்களுக்குப் பீச்சாங்கையால ஆக்கிப் போடுறேன், நீங்களும் திங்கிறீங்க. அவனுக்கு எப்படிங்க போடுவேன்?"

பீச்சாங்கையால பிச்சக்காரனுக்குக் கூட நாங்க எதையும் நீட்ட மாட்டோம். செத்துப் போன புள்ளைக்கு, அவன் பசியோட வர்ற ஒரே நாள்ல, அந்தக் கையால எலையில வைக்கிறதா?

கோயில் பூசாரியப் போய்க் கேட்டேன். மனசு சுத்தமா இருந்தா எந்தக் கையா இருந்தாலும் சாமி ஏத்துக்கும்னாரு. வந்து அவகிட்ட சொன்னேன்.

"சாமி ஏத்துக்கும். நான் கேட்டது எம் புள்ள ஏத்துக்குவானான்னு."

மக சொன்னா, "அம்மா, இந்த ஒரு தடவ நான் ஆக்குறேன்லா. நீ பக்கத்துல உக்காந்து சொல்லு."

"உசுரோட இருக்கும்போதே நீ ஆக்குனத அவன் நாய்க்குப் போட்டவன். இப்ப வந்து திம்பானா?"

மக சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போனா. குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா. எம் பொண்டாட்டி வலது கைய மடியில எடுத்துப் போட்டு, இடது கையால அதோட வெரல ஒண்ணொண்ணா விரிச்சா. விரிச்சு விட்டதும் அது திரும்பச் சுருண்டுக்கிச்சு. அப்புறம் மெதுவா சொன்னா, "இந்த வருஷம் அவன் பட்டினியா போகட்டும்."

அதக் கேட்டதுக்கு அப்புறம் எனக்குச் சோறு எறங்கல. நானு, சோறு எறங்கலைன்னு சொல்றேன்.

மறுபடியும் பாய் கடை. இந்தத் தடவ பாக்கெட்டுக்குள்ள கைய விடல. கடையில இருந்த கரண்டி அத்தனையும் எடுத்து எடை பாத்தேன். எவர்சில்வர் கனம், அதோட வழுக்கும். பிளாஸ்டிக் சூட்டுக்கு நெளியும். கடைசியில நீட்டுப் புடி வச்ச மரக்கரண்டி ஒண்ணு, காஞ்சு போய் லேசா இருந்துச்சு. அதையும், சோறு போட ஒரு தட்டக் கரண்டியையும் வாங்குனேன்.

பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டுன காலத்துல, விடியக் காலையில பனியில கை ஈரமா இருக்கும், கத்தி நழுவும். அதுக்குக் கத்திப் புடியில பழைய சைக்கிள் டியூப வெட்டிச் சுத்திக்குவோம். இன்னிக்கு அந்த மரமும் இல்ல, எண்ணெ எடுக்கிற செம்பனைதான் நிக்குது. ஆனா டியூப் சுத்துறது கைக்கு மறக்கல. மரக்கரண்டிப் புடியில நல்லா மொத்தமாச் சுத்துனேன். சுருண்டு கெடக்கிற அவ வலது கைய விரிச்சு அந்தப் புடிய உள்ள வச்சேன். வெரலு தானா மூடிக்கிச்சு. மூடத்தான் அதுக்குத் தெரியும். மேல, நான் கட்டுற பழைய சாரத்துல கிழிச்ச துணியால கட்டுனேன்.

அவ கட்டுன கையப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் இடது கையால வலது கை மணிக்கட்டப் புடிச்சுத் தூக்கி, காத்துல ஒரு சுத்துச் சுத்துனா, சட்டி இருக்கிற மாதிரி.

"கரண்டியப் புடிச்சிருக்கிறது சோத்தாங்கை," நான் சொன்னேன். "பீச்சாங்கை கரண்டியத் தொடவே இல்ல. அது ஒன் கையத்தான் புடிச்சிருக்கு."

"எனக்குத் தெரியும். எறுக்கமா கட்டுங்க."

படையல் அன்னிக்கு அடுப்புக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்தா. வெங்காயம் வெட்டுறது என் வேல. டின்னு தொறக்கிறதும் நான்தான், அது சமையல்ல சேராதாம். உப்ப என் கையால போட வச்சு, போதும்னு சொன்னா. படையல் சாப்பாட்ட ருசி பாக்கக் கூடாது, அதனால கண்ணாலதான் அளந்தா. கிண்டுனது பூரா அவ. ஒரு சுத்து சுத்த மூச்சு வாங்கும். நிறுத்துவா, திரும்பச் சுத்துவா. வெங்காயம் ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் பச்சையா கெடந்துச்சு. அவன் உசுரோட இருந்திருந்தா கிண்டல் பண்ணியே கொன்னிருப்பான்.

கட்ட அவுக்கிறப்பதான் பாத்தேன். வலது கை மேல எண்ணெ தெறிச்சு அங்கங்க கொப்புளம் போட்டிருந்துச்சு. அவளுக்குத் தெரியவே இல்ல. அந்தக் கையில ஒண்ணும் ஒறைக்காது. மருந்து தேடி ஓடப் போனேன்.

"இருங்க," அவ கொப்புளத்தத் தடவிப் பாத்தா. விழுந்ததுக்கு அப்புறம் அவ மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்த நான் பாக்கல. "சூடு பட்டிருக்கு பாருங்க. ஆக்குன கைக்குத்தான சூடு படும்."

நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். வெங்காயம் வெட்டுனதால கண்ணு எரியுதுன்னு சொன்னேன். வெட்டி ரொம்ப நேரம் ஆச்சு, அவளுக்கும் தெரியும்.

எலை போட்டாச்சு. தட்டக் கரண்டிய அதே மாதிரி கையில கட்டி, படத்துக்கு முன்னால அவளக் கீழ உக்கார வச்சோம். மொதத் தடவ சோத்த அள்ளுனா, பாதி எலையில, பாதி தரையில. ரெண்டாவது தடவ கரண்டி சாஞ்சு எல்லாம் மடியில. மக கிட்ட வந்தா, இவ கண்ணாலயே அவள நிறுத்திட்டா. மூணாவது தடவ இடது கையால வலது கையத் தூக்கவே முடியல. அப்படியே கரண்டியோட எலை மேல கெடந்துச்சு கை, சோத்துக்குள்ள. எடுக்கல. குனிஞ்சு படத்தப் பாத்து அவன்கிட்ட மெதுவா பேச ஆரம்பிச்சா. பின்னால நின்ன எனக்குக் கேட்டுச்சு. அவ சொன்னது என்னன்னா…

"என்னங்க." இந்தா, குசினியிலேர்ந்து கூப்புடுறா.

"என்னம்மா?"

"கேஸ் தீந்துருச்சு. மீனு பாதி பொரியலோட நிக்குது."

"வர்றேன், ஒரு நிமிஷம், பேசிக்கிட்டிருக்கேன்."

"யாரு கூட?"

"போன் கூட."

"போன் வந்து கேஸ் தோங்க மாத்துமா? எனக்கு ஒத்தக் கைதான இருக்கு. வாங்க."

இதோ போறேன்.