விடுபட்ட முதல் சில்லு

கணினி முன்னால் ஷூ காலோடு உட்கார எனக்கு இன்னும் கூசுகிறது. பினாங்கு வந்து இத்தனை நாளாகியும், பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் கால்கள் கழற்றிவிட இடம் தேடுகின்றன. கோவில்பட்டிப் பக்கம் நான் படித்த கல்லூரியில் லேப் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே ஒரு கணினிக்கு இரண்டு பேர். என்னோடு உட்கார்ந்தவன் செல்வம். சி மொழியில் எழுதியதை கம்பைல் செய்து பிழை வந்தால், "தீப்பெட்டி ஆபீஸ்ல உனக்கு ஒரு இடம் போட்டு வச்சிருக்காங்கடா" என்பான். என் அம்மா அங்கேதான் வேலை பார்த்தாள். வீட்டில் முதலில் படித்தவன் நான். சிரித்தாலும் உள்ளுக்குள் பயம்தான்.

இங்கே என் வேலை, தொழிற்சாலையில் செய்யும் மின்னணுச் சில்லுகளின் சோதனை அளவுகளை ஆர் என்ற நிரல் மொழியில் அலசி, எந்தத் தொகுதியை நிறுத்திவைப்பது என்று சொல்வது. என் நிரல் ஒவ்வோர் அளவாக எடுத்துச் சுற்றிச் சுற்றி வந்து மதியம் வரை ஓடும். தரப்பிரிவு சாந்தி அக்கா அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்காரர். "தம்பி, நாங்க மக்கான் முடிச்சே வந்துட்டோம் லா, உன் புரோகிராம் இன்னும் நடந்துதான் போகுதா?" என்பார்; மக்கான் என்றால் இங்கே சாப்பாடு. மேலாளர் லிம் சிரிக்கவில்லை. காலைக் கூட்டத்துக்குள் விடை வராவிட்டால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

அந்தச் சுற்றை மட்டும் வேகமாக ஓடும் சி-யில் எழுதி, கம்பைல் செய்து, ஆரிலிருந்து அழைத்தேன். மேசையில் வைத்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆனால் பழைய விடையோடு ஒப்பிட்டால் எல்லாத் தொகுதியிலும் சின்ன வித்தியாசம். ஆரில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும், சி-யில் பூஜ்யத்தில். ஆர் பழக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தொகுதியிலும் முதல் சில்லை விட்டிருக்கிறேன். செல்வம் லேபில் எத்தனை முறை பூஜ்யம், ஒன்று என்று விரல் மடக்கிக் காட்டியிருப்பான்! திருத்தினேன், விடைகள் ஒன்றாயின. அந்தக் கணத்தில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் பக்கத்து நாற்காலியில் ஒருவன்.

கூட்டத்தில் லிம், இரண்டு விடையும் ஒன்றுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஊர்ப் பழக்கத்தில் தலையை இருபக்கமும் அசைத்தேன். அவர் முகம் சுருங்கியது. பழையதையே ஓட்டுவோம் என்று எழப் போனார். தம்பியின் ஊரில் அதுதான் ஆமாம் என்று சாந்தி அக்கா குறுக்கிட்டு விளக்கினார். பிறகு என்னிடம், "வாயத் திறந்து சொல்லு தம்பி, இங்க தலைய நம்பாதே" என்றார். இரண்டு விடைகளையும் அருகருகே திறந்து வைத்து வாய்விட்டுச் சொன்னேன். லிம் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "கேன்" என்றார். முடியும், ஆகட்டும், சரி எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் அந்த ஒரு சொல் போதும்.

மாலையில் பாயான் பாரு அறையிலிருந்து அம்மாவை வீடியோவில் அழைத்தேன். வேலை நிலைத்துவிட்டதா என்று கேட்டாள். மேலும் கீழுமாக அழுத்தித் தலையசைத்தேன். அவள் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள்.

"என்னடா, யாரோ ஆபீசர் மாதிரி தலையாட்டுற?"

சிரித்துக்கொண்டே மறுபடி அசைத்தேன். இம்முறை தலை எந்தப் பக்கம் போனது என்று எனக்கே தெரியவில்லை.