அம்மா போட்ட சட்டம்

தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து சாம்பல் பூத்த கரியின் வாசனை வந்தால் போதும், நான் சின்ன வயதில் இருந்த பெரிய காஞ்சிபுரத்துக்குப் போய்விடுவேன். எங்கள் தெருவில் யூதர்கள் என்றால் அப்பா, அம்மா, நான், மூன்றே பேர்தான். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சனிக்கிழமை ஓய்வுநாள், அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளி மாலையே அம்மா கறிச்சோற்றுப் பானையைத் தணலில் ஏற்றிச் சாம்பலால் மூடிவிடுவாள். மறுநாள் மதியமும் ஆவி பறக்கும்.

பக்கத்துக் குடிசையில் முனுசாமித் தாத்தா தனியாக இருந்தார். ஜட்கா ஓட்டியவர். குதிரை செத்த பிறகு பிழைப்பில்லை. ஆனால் சும்மா கொடுத்தால் எதையும் தொடமாட்டார்.

"சனிக்கிழம நாங்க அடுப்பாண்ட போகக்கூடாதுங்க. நீங்கதான் வந்து பானையை இறக்கித் தரணும்" என்றாள் அம்மா.

அப்படி ஒரு சட்டம் எந்த வேதத்திலும் இல்லை. அம்மா போட்டது. தாத்தா வாராவாரம் முண்டாசு கட்டிக்கொண்டு வந்தார், பானையை இறக்கினார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை அப்பா பசி தாங்காமல் தானே பானையை இறக்கிவிட்டார். அதே நேரம் வாசலில் தாத்தா. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. தாத்தா தரையிலிருந்த பானையைப் பார்த்தார். அதைத் தூக்கித் திரும்ப அடுப்பில் வைத்தார். பிறகு நிதானமாக இறக்கினார்.

"சார் பசில மறந்துட்டாரு. இப்ப இலை போடும்மா."

இன்று என் வீட்டில் கரியடுப்பு இல்லை, ஹாட்பாக்ஸ்தான். சனிக்கிழமை மதியம் அதைக் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர் வந்துதான் திறக்க வேண்டும். எங்கள் சட்டம் அப்படி.