வழக்கில் கிடந்த கதவு

வெள்ளவத்தையில் மகள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் லிப்டுக்குள் போன கிழமை ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, தொலைத்த வாடகைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. முதலில் பதற்றப்படக் கூடாதாம். உடனே வீட்டுக்காரருக்கு அறிவிக்க வேண்டுமாம். எக்காரணம் கொண்டும் கதவைச் சேதப்படுத்தக் கூடாதாம். கடைசியை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள். கிளிநொச்சியில் ஒரு காலைப்பொழுதில் இதையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்து நான் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஐம்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் தில்லைநாதன். அவனுக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை, பாதி நாட்கள் இரவு முறை. அவனுடைய சட்டைகளில் எப்போதும் வெளுக்கிற மருந்தின் மணம் இருக்கும். இன்றைக்கும் பேரப்பிள்ளைகளோடு நீச்சல் குளத்துப் பக்கம் போனால் எனக்குத் தில்லையின் ஞாபகம்தான் வரும். பிள்ளைகள் நீந்துவார்கள், நான் மணந்துகொண்டு இருப்பேன்.

வீட்டுக்காரர் ஐயம்பிள்ளையர், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வரணியிலிருந்து வந்த கமக்காரர். வீடு என்றால் மண்சுவர், கிடுகுக் கூரை, சாணி மெழுகிய நிலம். ஆனால் வாசற் கதவைப் பார்த்தால் ஆரும் ஒருமுறை நின்றுவிடுவார்கள். வேம்பில் இழைத்த இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ்கள், கைப்பிடி அளவில் ஓர் ஆமைப்பூட்டு. வரணியில் தகப்பனாரின் வீடு தங்கைக்குச் சீதனமாகப் போனபோது, இவர் கோபத்தில் வாசற் கதவை நிலையோடு கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தங்கை சும்மா இருப்பாவா? கதவுக்கு வழக்கு வைத்துவிட்டா. திறப்பு இரண்டில் ஒன்று தங்கையிடம், இவரிடம் இருந்த மற்றதை எங்களிடம் தந்திருந்தார். அங்கே கதவில்லாத கல்வீடு, இங்கே கதவுக்காகக் கட்டிய மண்வீடு.

"சுவரிலை ஆணி அடியுங்கோ, கூரையிலை கயிறு கட்டுங்கோ, நான் ஒண்டும் சொல்லன். கதவிலை நகம் படக்கூடாது. வழக்கிலை கிடக்கு" என்றுதான் எங்களைக் குடியிருத்தினார். வெள்ளிக்கிழமைகளில் வந்து கதவுக்கு விபூதி பூசிவிட்டுப் போவார். எங்களை அவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை தில்லையைப் பார்க்க மீசாலையிலிருந்து பெண்ணின் தகப்பன் வருவதாக இருந்தது. பெண்ணின் பெயர் பூமணி. எல்லாம் பொருந்திவிட்டது, ஆனால் யாரோ ஒரு கலியாணம் குழப்பி, மாப்பிள்ளைக்கு ஒரு கால் கட்டை என்று சொல்லி வைத்துவிட்டான். ஆளை நடக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுகதை என்று தகப்பன் சொல்லி அனுப்பியிருந்தார். பூமணியின் படத்தைத் தில்லை சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். இது தவறினால் இனிக் கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்றும் வீட்டுக்கு எழுதிவிட்டான்.

காலையில் எழும்பிப் பார்த்தேன், அவனுடைய பாய் வெறுமையாகக் கிடந்தது. இன்னும் வேலையால் வரவில்லை என்று நினைத்து, கதவைப் பூட்டித் திறப்பை வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனேன். குளத்துக் கதவு திறந்த நாட்களில் வாய்க்கால் தண்ணீர் ஆளை இழுக்கும். எனக்குப் பாட்டும் வரும். பாடி முடித்துக் கரையேறியபோது வேட்டி இருந்தது, முடிச்சு இல்லை. ஈர வேட்டியோடு திரும்பி வந்தால் உள்ளே குறட்டைச் சத்தம். மாப்பிள்ளை விடியப்புறமே, நான் தாழ் போடாமல் விட்டிருந்த கதவால் வந்து, குளிர்ச்சிக்காகக் குசினிக்குள், அடுப்படித் தரையில் படுத்திருக்கிறார்.

நான் பதற்றப்படவில்லை. வீட்டுக்காரருக்கு அறிவிக்க ஓடினேன். அலவாங்கால் பூட்டை நெம்பலாமோ என்று கேட்டேன். ஐயம்பிள்ளையர் வந்து கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "நிலை பிளந்தா நான் கோட்டிலை என்னத்தைக் காட்டுறது? தங்கச்சி சிரிப்பாள்." அப்படியென்றால் கூரையைப் பிரிப்போமா என்றேன். "செவ்வாய்க்கிழமை கூரை பிரிக்கிறதோ? நீர் படிச்ச பிள்ளையெல்லோ?"

இந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு வந்தார் பூமணியின் தகப்பன் சின்னத்தம்பியர். தோளில் சால்வை, கையில் குடை. மூடிய கதவையும் ஈர வேட்டியோடு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆர் தில்லைநாதன்?"

"நான்தான் ஐயா" என்று குசினிச் சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. மரக்கம்பிகளுக்குப் பின்னால், அவசரமாகச் சவரம் செய்த முகமும் நெஞ்சும் தெரிந்தன. அதற்குக் கீழே சுவர்.

"வெளியிலை வாருமன் தம்பி."

"திறப்பு துலைஞ்சு போச்சு ஐயா."

"இண்டைக்குத்தானோ துலைஞ்சது?" என்றார் அவர். காலை மறைக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தில்லைக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதையோ இழுத்துப் போட்டு ஏறி, வலது காலைக் கம்பிகளுக்கிடையால் முழங்கால் வரை வெளியே நீட்டினான். சின்னத்தம்பியர் குனிந்து வடிவாகப் பார்த்தார்.

"இது நல்லாக் கிடக்கு. மற்றது?"

அதை உள்ளே இழுத்து மற்றதை நீட்டினான்.

"இதுவும் பிழையில்லை. ஆனா ரண்டையும் ஒண்டா வைச்சாத்தானே ராசா கட்டை நெட்டை தெரியும்."

அதற்கு அந்தச் சன்னலில் இடமில்லை. சின்னத்தம்பியர் குடையை எடுத்துக்கொண்டு படலையை நோக்கித் திரும்பினார். "ஐயா, போகாதேங்கோ" என்று தில்லை கூப்பிட்ட குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அவன் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கிழவரும் நின்றுவிட்டார். திரும்பி வந்து சுவரில் குடைக்காம்பால் தட்டினார்.

"இது மண்தானே?"

"ஓம், மண்தான்" என்றார் ஐயம்பிள்ளையர்.

"இதுவும் வழக்கிலையோ?"

ஐயம்பிள்ளையர் கொஞ்சம் யோசித்தார். "இல்லை. சுவர் என்ர. இடியுங்கோ."

இரண்டு பெரியவர்களும் சால்வைகளைத் தலையில் கட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மண்வெட்டியால் சுவரைக் கொத்தினார்கள். காய்ந்த மண் நனைகிற வாசம் வளவெல்லாம் நின்றது. பட்டுக்கரை வேட்டியோடு தில்லை அந்த ஓட்டையால் குனிந்து வெளியே வந்தான். வந்த வேகத்தில் மேலிருந்த ஒரு மண்கட்டி அவன் காலில் விழுந்தது. மாப்பிள்ளை நொண்டிக்கொண்டு வந்து மாமனாருக்கு முன்னால் நின்றார்.



"எந்தக் கால் நொண்டுறீர்?" என்று சின்னத்தம்பியர் கேட்டார்.

"இடது ஐயா."

"எனக்குச் சொன்னவன் வலது எண்டெல்லோ சொன்னவன். அப்ப அவன் பொய்யன்" என்றார். பிறகு என்னையும் என் ஈர வேட்டியையும் ஒருதரம் பார்த்தார். "இப்பிடி ஒரு கூட்டாளியோடை இருக்கிற பிள்ளைக்குக் கெதியா ஒரு கலியாணம் செய்து வைக்க வேணும்."

பிறகு நாங்கள் ஓட்டையாலேயே போய்வந்தோம். பூட்டுத் தொங்கியபடியே இருந்தது. ஐயம்பிள்ளையருக்கு அதில் பரம திருப்தி. திறவாத கதவுக்கு என்ன கேடு வரும்? ஓட்டை பகலிரவாகத் திறந்தே கிடந்தது, ஒரு கோப்பைகூடக் களவு போகவில்லை. பூமணி மணப்பெண்ணாக வந்தபோது அந்த ஓட்டைக்கு முன்னால்தான் நிறைகுடம் வைத்தோம். அவ கூறைச்சேலையோடு குனிந்து, வலது காலை முதலில் எடுத்து வைத்து உள்ளே போனா. அதற்குப் பிறகு நான் வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

சண்டை ஓய்ந்த பிறகு ஒருமுறை கிளிநொச்சிக்குப் போனேன். அந்த வளவை என்னால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. மண்சுவர் மழையோடு போயிருக்கும். கதவை யார் கொண்டுபோனார்கள், வழக்கு யாருக்குத் தீர்ந்தது என்று சொல்ல ஐயம்பிள்ளையரின் ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. திரும்பும் வழியில் வவுனியாவில் பூமணியைக் கண்டேன். தொழிற்சாலை மூடிய பிறகு தில்லையும் அவவும் கடைசி வரை அக்கராயனில் வயல் செய்தவர்கள்.

"அக்கராயனிலையிருந்து முள்ளிவாய்க்கால் மட்டும் நடந்துதான் வந்தவர் அண்ணை. அந்த வயதிலை. ஒரு இடத்திலையும் என்னைப் பிடியெண்டு கேக்கேல்லை. அப்பா இருந்திருந்தாக் காட்டியிருப்பன்" என்றா.

முள்ளிவாய்க்காலிலிருந்து பூமணி தனியாகத்தான் திரும்பி வந்தா.